குதிரையா, கழுதையா, மீன்பாடி வண்டியா?

தை மாதக் கடைசியில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சண்டை வந்தது. வட்டம் என்று பெயர்தானே தவிர, ஆள் கணக்குக்கு நாங்கள் நான்கு பேர். கையில் 480 புத்தகங்கள், முக்கால்வாசி சிறுவர் நூல்கள். உண்டியலில் 38,000 ரூபாய். வடசென்னையில், திருவொற்றியூரில் என் வீட்டு மாடி அறையில் தூசி தின்னும் இந்தப் புத்தகங்களை எண்ணூர்ப் பக்கத்துக் கடலோர ஊர்களான எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் பிள்ளைகளிடம் எதில் ஏற்றிக் கொண்டுபோவது என்பதுதான் சண்டை.

எங்களில் இளையவன் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். கொலம்பியாவில் ஓர் ஆசிரியர் இரண்டு கழுதைகள் மேல் புத்தகப் பொதி ஏற்றி மலைச்சரிவில் போகிறார். "அவர் கழுதை என்றால் நாம் குதிரை" என்றான் தம்பி. நான் கழுதைக் கட்சி; அதற்குச் சொந்தக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வேன் வாங்கலாம் என்றார். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் பிறந்து வளர்ந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் வாயைத் திறக்காமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் எங்களுக்கு ஐந்து மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காணொளிக்காரர். பெயர் லூயிஸ் சொரியானோ. கொலம்பியாவின் மக்தலேனா மாநிலத்தில் லா குளோரியா என்னும் ஊர். 1990களில், ஏறக்குறைய எழுபது புத்தகங்களோடு தொடங்கினார். கழுதைகளின் பெயர் ஆல்ஃபா, பெத்தோ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஸ்பானிய மொழியில் 'அகரவரிசை' என்று பொருள். எங்கள் தம்பிக்கு இந்தப் பெயர்ப் பொருத்தத்தில் கிறக்கம். அதற்காகவே குதிரைக்கு 'அகரம்' என்று பெயர் வைத்துவிட்டான், குதிரை கிடைப்பதற்கு முன்பே.

நான் கவனித்தது வேறு. சொரியானோ கழுதையைத் தேடிப் போகவில்லை. கழுதை ஏற்கெனவே அவரிடம் இருந்தது. அந்த மலைப்பாதையில் எல்லோரும் கழுதையில்தான் தண்ணீர் கொண்டுபோகிறார்கள், விறகு கொண்டுபோகிறார்கள்; அவர் புத்தகம் கொண்டுபோனார், அவ்வளவுதான். கென்யாவின் காரிசாவில் 1996இல் அந்நாட்டு தேசிய நூலக சேவை ஒட்டக நூலகத்தைத் தொடங்கியபோதும் கணக்கு இதுவே. இடம்விட்டு இடம் பெயரும் மேய்ச்சல்காரர்கள். மணலில் வண்டி புதையும். மக்கள் எல்லோரிடமும் ஒட்டகம் உண்டு. மூன்று ஒட்டகங்களோடு ஆரம்பம். முதுகின் இரு பக்கமும் மரப்பெட்டி, அத்துடன் ஒரு கூடாரம், உட்காரப் பாய். இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் ஸ்லாமெட் எரிமலையின் அடிவாரத்தில் ரித்வான் சுருரி என்பவர் லூனா என்ற குதிரையில் புத்தகம் கொண்டுபோகிறார். அவருக்குத் தொழிலே குதிரை பராமரிப்புதான். எத்தியோப்பியா, ஜிம்பாப்வே, மங்கோலியா என்று எங்கே பார்த்தாலும் இதே கதை: ஊரில் இருக்கும் விலங்கு, ஊரில் இருக்கும் ஆள். இரவல் வாங்கிய குதிரையோடு வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர் யாருமில்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, முதலில் ஒரு சனிக்கிழமை குதிரையைக் கூட்டிப்போய்ப் பார்ப்போம், பிறகு பேசுவோம்" என்றான். நியாயமான பேச்சு.

குதிரை கிடைப்பது கடினமாக இல்லை. கல்யாண ஊர்வலங்களுக்குச் சாரட்டு வண்டியும் குதிரையும் வாடகைக்கு விடுபவர்கள் வடசென்னையில் இன்றும் இருக்கிறார்கள். அரை நாளுக்கு 2,500 ரூபாய். வெள்ளைக் குதிரை, நெற்றியில் பாசிமணி, காலில் சலங்கை. இரண்டு கோணிப்பைகளைப் போர்வை மாதிரித் தைத்து, பக்கத்துக்கு முப்பது புத்தகமாகப் போட்டோம். ஒரு படப்புத்தகம் நூறு கிராமுக்கு மேல் போகாது. கொஞ்சம் தடித்த கதைநூல் கால் கிலோ. மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோதான், மாப்பிள்ளையைச் சுமந்த குதிரைக்கு அது பூச்சுமை.

எண்ணூர் சாலை வரைக்கும் அது ராஜநடை போட்டு வந்தது. அங்கே வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றன. அந்த வரிசையைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? துறைமுகத்துக்குள் போக வேண்டிய லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் நாள்களில் அது சாலையல்ல, இரும்புச் சுவர். குதிரை அந்தச் சுவரை ஒட்டி நடந்தது. ஒரு லாரிக்காரர் பிரேக்கை விட்டார். 'புஸ்' என்று காற்று வெளியேறிய சத்தம், அவ்வளவுதான். குதிரை முன்னங்காலைத் தூக்கிப் பக்கவாட்டில் குதித்தது. ஒரு பக்கத்துக் கோணி அறுந்து முப்பது புத்தகமும் சாலையோரக் கரித்தூளில் விழுந்தன. குதிரைக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பேண்டு வாத்தியத்துக்குப் பழகியது, பட்டாசுக்குப் பழகியது, இந்தக் காற்று பிரேக்குக்குப் பழகவில்லை சார்." புத்தகங்களைத் தட்டித் தட்டி எடுத்தோம். அட்டைகளில் இன்றைக்கும் கறுப்பு போகவில்லை.

தாழங்குப்பத்துக்குள் நுழைந்ததும் வேறு காட்சி. சலங்கைச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் நாலாபுறமிருந்தும் ஓடி வந்தார்கள். நாற்பதுக்குக் குறையாது. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒரு மணி நேரம் நின்றோம். நாற்பது பேரும் குதிரையைத் தொட்டார்கள், வாலைப் பார்த்தார்கள், லாடத்தைக் காட்டச் சொன்னார்கள், ஒரு சுற்று ஏற்றிவிடச் சொல்லி அழுதார்கள். புத்தகம் எடுத்தது மூன்று பேர். அதில் ஒருத்தி குதிரைக்காரரின் மகள், அப்பாவோடு கூட வந்தவள். அடுத்த சனிக்கிழமை அதே இடத்துக்கு நானும் அக்காவும் ஒரு பையில் இருபது புத்தகங்களோடு சும்மா நடந்து போனோம். ஏழு பிள்ளைகள் வந்தார்கள். "குதிரை எங்கே?" என்று கேட்டுவிட்டு ஆறு பேர் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதை வைத்துக் குதிரை தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஏழு பேரும் குதிரையால்தான் எங்களைத் தெரிந்துகொண்டவர்கள். ஆனால் வாரா வாரம் 2,500 ரூபாய் கொடுத்தால் உண்டியல் பதினைந்து வாரத்தில் காலி. சொந்தமாக வாங்குவதென்றால் கொள்ளும் புல்லும் லாடமும் கொட்டகையும் வைத்தியமும் சேர்ந்து யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிடும். நூலகம் ஒரு வளரும் உயிரி என்று நூலக அறிஞர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதினார்தான்; கொள்ளு தின்கிற உயிரியைச் சொல்லவில்லை அவர்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பொதி சுமக்கும், வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் கூடாது; ஓய்வு தராமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் கூடாது. சனிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் இது இடிக்காது. ஆனால் பள்ளி விடுமுறையான மே மாதத்தில், பிள்ளைகள் நாளெல்லாம் சும்மா இருக்கும் அந்த ஒரு மாதத்தில், விலங்குக்கும் நடுப்பகல் விடுமுறை விட்டாக வேண்டும்.

இனி என் கழுதை. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே வெளுப்பவர்களால் வந்தது. என் பாட்டி அங்கே வாழ்க்கைப்பட்டவள். அழுக்கு மூட்டை சுமந்து வரிசையாகப் போகும் கழுதைகளைப் பற்றி நான் சோறு தின்னும் நேரமெல்லாம் கதை சொல்வாள். போதாததற்குப் படிக்காத பிள்ளையை "நீ கழுதை மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டும் ஊர் நம்முடையது. அந்தக் கழுதையின் முதுகிலேயே புத்தகம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு குறும்பு. குங்குமம் சுமந்த கழுதை வாசனை அறியாவிட்டால் என்ன, குங்குமம் வீடு போய்ச் சேர்ந்தால் சரி.

ஆனால் இன்றைக்கு எங்கள் தெருக்களில் கண்ணில் படும் கழுதை மூட்டை சுமக்கும் கழுதையல்ல, பால் கழுதை. தாயும் குட்டியுமாக ஓட்டிக்கொண்டு காலையில் ஒரு பெண்மணி வருவார். கைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் நின்று, அங்கேயே கறந்து, ஒரு சங்கு அளவு கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போவார். அவரிடம் பேசிப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், நல்ல வாடகை என்றேன். சிரித்தார். "குட்டியை விட்டுவிட்டு இது ஓர் அடி நகராது. குட்டியோடு வந்தால் நீங்கள் சொல்லும் இடத்தில் நிற்காது. காலையில் தெருத்தெருவாக நடந்தது போதாதென்று சாயங்காலம் பொதியும் ஏற்றினால் பால் வற்றிவிடும், என் சோற்றுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் எனக்கு மறுப்பு இல்லை. சொரியானோவின் கழுதைக்கு வேறு பிழைப்பு இல்லை; எங்கள் ஊர்க் கழுதை முழுநேர வேலையில் இருக்கிறது. கழுதைக் கட்சியை அன்றோடு கலைத்தேன்.

யானை, ஒட்டகம் பற்றியும் தம்பி பேசினான். தாய்லாந்தின் ஓம்கோய் மலைக் கிராமங்களுக்கு யானைகள் புத்தகம் கொண்டுபோனதுண்டு, உண்மைதான். எர்ணாவூர் மேம்பாலத்தில் யானையை நினைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனோம்.

மாட்டுவண்டியை மட்டும் அப்படித் தள்ள மனம் வரவில்லை, ஏனென்றால் அது நம்முடைய சரித்திரம். ஒட்டகத்தையும் கழுதையையும் உலகமே மெச்சுகிறது. தஞ்சைத் தரணியில் 1931 அக்டோபரிலேயே ஒரு மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மன்னார்குடி பக்கம் மேலவாசல். ஓய்வு பெற்ற பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை வண்டியைத் தயார் செய்தார். ரங்கநாதனும் 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கமும் ஊக்கம் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்து மண் சாலைகளில் நெல் எதில் போனதோ அதிலேயே நூலும் போனது. குதிரை மாதிரி மிரளாது, கழுதையை விடப் பல மடங்கு சுமக்கும், வண்டியிலேயே அலமாரி அமைத்துக்கொள்ளலாம். விலங்குகளுக்குள் போட்டி வைத்தால் என் ஓட்டு மாட்டுவண்டிக்கே. ஆனால் எண்ணூர் சாலைக்கு மாட்டைக் கொண்டுவர வேண்டுமென்றால் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் போய்த் தேட வேண்டும், தேடினாலும் திரும்பி வரும் வழியில் அதே லாரி வரிசை. மாடு மிரளாது, மாட்டுக்காரர் மிரள்வார்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. காரிசாவில் லாரி போக முடியாத இடத்துக்கு ஒட்டகம் போகிறது. எண்ணூரில் லாரி போகிறது, அதனால் பிள்ளை போக முடியவில்லை. தாழங்குப்பத்திலிருந்து எழும்பூர் கன்னிமாரா நூலகம் எத்தனை தொலைவு என்று பார்த்தால் இருபது கிலோமீட்டர் கூடச் சொல்ல முடியாது. கிளை நூலகங்கள் அதைவிடப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் எட்டு வயதுப் பெண்ணைத் தனியாக அந்தச் சாலையைத் தாண்டிப் போகச் சொல்லும் தாய் இங்கே கிடையாது. கூட்டிப்போக அவளுக்கு நேரமும் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்பவள் அவள். மலையும் பாலைவனமும் மற்ற ஊர்களில் தடை என்றால் இங்கே சாலைதான் தடை. அப்படியிருக்க, அந்தச் சாலையிலேயே வாரா வாரம் ஒரு விலங்கைக் கூட்டி வருவது என்ன புத்திசாலித்தனம்?

பெரியவரின் வேனும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. வேன் சாலைக்கு மிரளாது, மழைக்கு நனையாது, எல்லாம் சரி. ஆனால் குப்பத்துச் சந்துகளுக்குள் நுழையாது. பிரதான சாலையில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை அழைக்க வேண்டும், அதாவது எதைத் தாண்டக் கூடாது என்கிறோமோ அங்கேயே வரச் சொல்ல வேண்டும். பழைய வேன் விலையைக் கேட்டதும் பெரியவரே விலகிக்கொண்டார்.

படகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படகுக்குப் பஞ்சமில்லை. பழவேற்காட்டு ஏரித் தீவுகளுக்குப் புத்தகம் கொண்டுபோவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு படகைத்தான் தேர்ந்தெடுப்பேன். எங்கள் ஊர்கள் எல்லாம் கரையின் இந்தப் பக்கமே இருக்கின்றன. தவிர, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்துக்குள் வந்து படகிலும் வலையிலும் அப்பியதைப் பார்த்தவர்களிடம் போய், புத்தகத்துக்காகப் படகு கொடுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதே வெள்ளத்தில் கீழ்வீட்டில் வைத்திருந்த எங்கள் புத்தகங்கள் தொண்ணூறும் ஊறிப் போயின. அதற்குப் பிறகுதான் மாடி அறை.

சும்மா ஓர் அலமாரியை ஊருக்குள் வைத்துவிட்டால் என்ன? எல்லாவற்றிலும் செலவு குறைந்த வழி இதுதான். நாங்கள் ஏற்கெனவே சூடு கண்டவர்கள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மன்ற அறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வைத்தோம். முதல் மாதம் மாலை போட்டார்கள். மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தபோது மேல்தட்டில் கேரம் போர்டு, நடுத்தட்டில் சீருடைப் பனியன்கள், கீழ்த்தட்டில் உப்பு மூட்டை. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு நான்கு பெயர் சொன்னார்கள், நான்கு பேரும் கடலுக்குப் போயிருந்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அலமாரி தானாக எழுந்து போய்ப் பிள்ளையைக் கூப்பிடாது, அவ்வளவுதான். விலங்கு நூலகங்களில் விலங்கைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கூடவே ஓர் ஆள் வருகிறார் என்பது.

அந்த ஆள் யார் என்பதில் அமெரிக்காவின் கென்டக்கி அனுபவம் எங்களுக்கு உதவியது. பெரும் பொருளாதாரச் சரிவின்போது, 1935 முதல் 1943 வரை, அப்பலேச்சிய மலைக் குடிகளுக்குக் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் பெண்கள் புத்தகம் கொண்டுபோனார்கள். பாதை இல்லாத இடத்தில் ஓடைப் படுகையே பாதை. வாரத்துக்கு 100 முதல் 120 மைல். மாதச் சம்பளம் 28 டாலர், அரசு கொடுத்தது. ஆனால் குதிரை அவரவருடையது, அல்லது அவரவர் வாடகைக்கு எடுத்தது. புத்தகம் வாங்க அரசு காசு தரவில்லை, நன்கொடையாக வந்தவைதான். கிழிந்த பத்திரிகைகளிலிருந்து சமையல் குறிப்பும் படங்களும் வெட்டி ஒட்டி அந்தப் பெண்களே ஒட்டுநூல்கள் தயாரித்தார்கள். வெளியாரை லேசில் நம்பாத மலை மக்கள் இவர்களை வாசலில் ஏற்றியதற்குக் காரணம், இவர்களும் அதே மலைக்காரிகள் என்பதுதான். எதில் ஏறி வந்தார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

இதை நான் படித்துச் சொன்ன அன்றைக்குத்தான் அக்கா வாயைத் திறந்தார். "மீன்பாடி வண்டி இருக்கிறதே" என்றார்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: மூன்று சக்கரம், ஒரு பலகைத் தட்டு, மிதித்து ஓட்டும் வண்டி. மீன் கூடை, ஐஸ் பெட்டி, சிமெண்டு மூட்டை, பீரோ, சில சமயம் பீரோவோடு பீரோவின் சொந்தக்காரரும். பழைய மொபெட் என்ஜினைப் பொருத்தி ஓட்டுவதும் உண்டு. அதற்குப் பதிவு எண் கிடையாது, பிடித்தால் வண்டி போய்விடும், ஆகவே அந்த வகை எங்களுக்கு வேண்டாம். மிதிவண்டி வகை போதும். வடசென்னையில் சந்து எத்தனை குறுகலோ அத்தனைக்கும் இந்த வண்டி பழகியது. காரிசாவுக்கு ஒட்டகம் என்றால் எங்களுக்கு இதுதான் ஒட்டகம். ஐந்து மாதம் எங்கள் கண்ணெதிரே மணியடித்துக்கொண்டு போயிருக்கிறது, நாங்கள் வழிவிட்டிருக்கிறோம்.

அக்கா சொன்னதில் கெட்டிக்காரத்தனம் வேறோர் இடத்தில் இருந்தது. வண்டியைத் திருவொற்றியூரிலிருந்து மிதித்துக்கொண்டு போகக் கூடாது. குப்பத்துக்குள்ளேயே இருக்கும் வண்டியை எடுக்க வேண்டும். மீன் வியாபாரம் காலையோடு முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும். புத்தகப் பெட்டி மட்டும் ஒரு முறை சாலையைத் தாண்டி உள்ளே போய்விட்டால், பிறகு வாரா வாரம் சாலையில் யாருக்கும் வேலையில்லை. இது புதிய யோசனை அல்ல. பரோடா சமஸ்தானத்தில் 1910களில் மரப்பெட்டிகளில் புத்தகங்களைப் போட்டு ஊர் ஊராகச் சுற்ற விட்டார்கள். ஓர் ஊர் படித்து முடித்ததும் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். நாங்கள் நான்கு தகர டிரங்குப் பெட்டிகள் வாங்கினோம். பெட்டிக்கு 110 புத்தகம், எடை ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ. நான்கு ஊர், நான்கு பெட்டி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு விடியற்காலையில், லாரி குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்கு எடுத்துப் பெட்டிகளை மாற்றிவிடுவது. தம்பி கேட்ட யானையும் வந்துவிட்டது.

பணக் கணக்கு இதுதான்: வண்டிக்கு ஒரு மாலைக்கு 150 ரூபாய், வண்டியோடு சுற்றும் ஊர்ப் பெண்ணுக்கு 300. நான்கு ஊருக்கும் சேர்த்து வாரத்துக்கு 1,800. குதிரை ஓர் ஊருக்கே 2,500. பெண்ணுக்குச் சம்பளம் தேவையா, சேவையாகச் செய்ய மாட்டார்களா என்று பெரியவர் கேட்டார். கென்டக்கியில் 28 டாலரை நிறுத்தியதும் திட்டமும் நின்றது என்றேன். சொரியானோ சம்பளம் இல்லாமல்தான் செய்தார் என்றார். சொரியானோக்கள் ஊருக்கு நான்கு பேர் கிடைப்பதில்லை என்றார் அக்கா. உண்டியல் இந்த வேகத்தில் ஐந்து மாதம் தாங்கும். அதற்குள் மாதம் நூறு ரூபாய் தருகிறவர்களாக எண்பது பேரைப் பிடிக்க வேண்டும். இதுவரை முப்பத்தொரு பேர். இந்த வழியின் பலவீனம் அதுதான், மறைப்பதற்கில்லை.

குறைகள் வேறும் உண்டு. முதல் சனிக்கிழமை நெட்டுக்குப்பத்தில் வண்டிக்காரர் தட்டை மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழைய அரசியல் பேனர் ஒன்றைத் தலைகீழாக விரித்து வைத்திருந்தார். அப்படியும் கவிச்சி போகவில்லை. நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அங்கே நின்ற ஒரு பையன், "எங்கள் வீடு முழுக்க இந்த வாசனைதான் சார்" என்றான். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திரும்பி வந்த புத்தகம் ஒன்றில், முப்பதாம் பக்கத்துக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வஞ்சிரத்துக்கு இவ்வளவு பெரிய செதில் வராது, கொடுவாவாக இருக்கும் என்றார் அக்கா. யாரோ சாப்பாட்டு வேலைக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பக்கம் வரை படித்திருக்கிறார்கள்.

இன்னொரு குறை, வண்டி வந்தது யாருக்கும் தெரிவதில்லை. குதிரை வந்தால் ஊரே திரண்டது. மீன்பாடி வண்டியை அங்கே நாய் கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் நாள் அரை மணி நேரம் வெறுமனே நின்றோம். பால் கழுதைப் பெண்மணிக்கு ஒரு கூப்பாடு இருக்கிறது, ஐஸ்காரருக்கு மணி இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் இல்லை. தம்பிதான் வழி கண்டுபிடித்தான். குதிரைக்காரரைத் தேடிப்போய், மகள் எடுத்துப்போன புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போது, பழைய சலங்கைச் சரம் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தான். அதை வண்டியின் பலகைக்கு அடியில் கட்டியிருக்கிறோம். சந்தில் கல் மேல் ஏறி இறங்கும்போது சத்தம் நன்றாகவே வருகிறது. தாழங்குப்பத்தில் இரண்டாம் வாரம் பிள்ளைகள் "குதிரை, குதிரை" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, வண்டியைப் பார்த்து ஏமாந்து, ஏமாந்த முகத்தோடேயே பெட்டியைக் கிளற ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பத்தொன்பது புத்தகங்கள் போயின.

குதிரைக்காரரின் மகள் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வேறொன்று கேட்டாளாம். அவள் வீடு எங்கள் நான்கு ஊரில் எதிலும் சேராது. தம்பி தன் பையில் போட்டுக்கொண்டு போகிறான், தனிக் கிளை.

உங்கள் ஊர் வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம். நைனிடால் பக்கத்து மலைக் கிராமங்களில் 2023 மழைக்காலத்தில் நிலச்சரிவில் பாதை அடைபட்டபோது இளைஞர்கள் குதிரையில்தான் புத்தகம் கொண்டுபோனார்கள். அங்கே அதுதான் சரி. ஜவ்வாது மலையிலோ கொல்லி மலையிலோ இருப்பவர்கள் நான் குதிரையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு, அங்கே சந்தைக்கு மூட்டை எதில் போகிறது என்று ஒரு வாரம் நின்று பாருங்கள்.

எங்களுக்கு இப்போது மீதி இருக்கும் பிரச்சினை மழை. டிரங்குப் பெட்டியின் மூடி இடுக்கில் தண்ணீர் இறங்குகிறது. ஆடி மாதத்து ஒரு தூறலுக்கே இரண்டு படப்புத்தகங்கள் உப்பிவிட்டன. தங்கசாலைப் பக்கம் தார்ப்பாய் விலை விசாரித்து வைத்திருக்கிறேன், எட்டுக்குப் பத்தடி. ஐப்பசிக்குள் நான்கு வாங்க வேண்டும்.